ஸ்லீவ் சர்ஜரி முடிந்து பத்து வாரம்: முட்டை அடைக்கிறது, ரஸ்க் இறங்குகிறது

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வயது 34, திருமங்கலத்தில் செல்போன் கடை. எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் சர்ஜரி செய்து பத்து வாரம் ஆகிறது. 138 கிலோ இருந்தவர் 117க்கு வந்திருக்கிறார். கடைசி இரண்டு வாரமாக எடை நகரவில்லை. அவித்த முட்டையும் கோழிக்கறியும் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நுரை நுரையாக வாந்தி. ஆனால் சாம்பாரில் ஊறிய இட்லி, டீயில் நனைத்த ரஸ்க், ஜிகர்தண்டா எல்லாம் வழுக்கிக்கொண்டு போகின்றன. "உடம்பு ஏத்துக்கிறதைத்தானே சாப்பிடணும்?" என்று அவற்றிலேயே நாளை ஓட்டுகிறார். அம்மா ஒருவேளை கஞ்சி வைத்துத் தருகிறார். அடுத்த மாதம் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. என்ன செய்வது என்பது கேள்வி.

நான் மதுரையில் சர்ஜரி வார்டில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 2016இல் எனக்கும் இதே ஸ்லீவ்தான் செய்தார்கள். அதனால் கட்டிலின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். இருந்தாலும் உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும் எழுதிக் கொடுத்த தாளோடு இதை வைத்துப் பாருங்கள். எங்காவது முட்டினால் அந்தத் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் உங்கள் வயிற்றுக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரண இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைக்காய் வடிவக் குழாய். ஒரு காபி டம்ளர் அளவு கொள்ளும், அதுவும் புண் ஆறி வீக்கம் வடிந்த பிறகு. வெட்டி எடுத்த பகுதியில்தான் இரைப்பையின் விரிந்து கொடுக்கும் மேல்பை இருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் அங்கேதான். ஆகவே இப்போது உங்களுக்குப் பசி குறைவு. இருக்கும் குழாயும் பழையபடி விரியாது.

இந்தக் குழாய்க்குள் கெட்டியான சாப்பாடு வந்தால் அது தங்கி, அரைபட்டு, மெதுவாகத்தான் குடலுக்குப் போகும். தங்கும்போதுதான் "போதும்" என்ற செய்தி மேலே போகும். டீயில் ஊறிய ரஸ்க் கூழ். அது தங்குவதே இல்லை, ஓட்டைத் தகரத்தில் ஊற்றின தண்ணி மாதிரி கீழே போய்விடும். அதனால்தான் ஒரு மணி நேரத்தில் ஆறு ரஸ்க் உள்ளே போனாலும் உங்களுக்கு எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. உடம்பு அதை ஏற்றுக்கொண்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சர்ஜரி போட்ட தடுப்பை ரஸ்க் சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவே. முட்டை அடைப்பதில் பாதி, சர்ஜரி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மறுபாதி நீங்கள் சாப்பிடும் விதத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யலாம்.

இந்த வழுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எல்லா ஊரிலும் ஒன்றேதான்: பிஸ்கட், ஐஸ்கிரீம், சிப்ஸ், மிக்சர். நம்ம ஊரில் ஜிகர்தண்டா கூடுதல். விளக்குத்தூண் பக்கம் போய்விட்டு அதைக் குடிக்காமல் திரும்புவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சிரப், பாசந்தி, மேலே ஐஸ்கிரீம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உண்டான கலோரி பத்து நிமிடத்தில் உள்ளே போகும், வயிறு நிறைந்த உணர்வு மட்டும் வராது. அடியில் கிடக்கும் பாதாம் பிசின் தண்ணீரில் ஊறி ஊறிப் பெருக்கும் பொருள் வேறு. புதிதாகத் தைத்த குழாய்க்கு அதை இப்போது கொடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் ஒரு நாள் கணக்கைப் போடுவோம். இட்லி ஒன்றில் புரோட்டீன் சுமார் இரண்டு கிராம். இரண்டு இட்லிக்கு நாலு. ரஸ்க் ஒன்றுக்கு ஒரு கிராம் வைத்தால் ஆறு ரஸ்க்குக்கு ஆறு. கஞ்சியில் இரண்டு மூன்று. டீயிலும் ஜிகர்தண்டாவிலும் உள்ள பாலுக்கு ஏழெட்டு. சாம்பார்ப் பருப்பைச் சேர்த்தாலும் இருபத்தைந்தைத் தாண்டாது. உங்களுக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை. அது வராவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். தசை கரைந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறையும், எடை நின்றுபோகும். மாடிப்படி ஏறும்போது தொடை நடுங்கும். இரண்டு வாரம் முள் நகராமல் இருப்பது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ரஸ்க்கோடு சேர்ந்து நகராமல் இருந்தால் ரஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டியதுதான். எடையை வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள். தினமும் மெஷின் மேல் ஏறி இறங்கினால் மனசுதான் இளைக்கும்.

ஆக, அந்தக் காபி டம்ளர் இடத்துக்குள் முதலில் யார் நுழைவது என்பதுதான் கேள்வி. புரோட்டீன் முதலில், அடுத்து காய், இடம் இருந்தால் கடைசியில் இட்லியோ சோறோ. நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழ். நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், விருந்தாளி வந்தால் முட்டை. இந்த வரிசையை மாற்றுவது சர்ஜரியை விடக் கஷ்டம் என்பது என் அனுபவம். சர்ஜரியின்போது நாம் மயக்கத்தில் இருக்கிறோம், இதை விழித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

சரி, முட்டையை எப்படி இறக்குவது?

அவித்த முட்டையின் மஞ்சள் கரு மாவு போல வறண்டது, அதுதான் முதலில் ஒட்டும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நம்ம ஊர்க் கலக்கி இருக்கிறதே, அதையே கொஞ்சம் மாற்றுங்கள். இரண்டு ஸ்பூன் பால் ஊற்றி அடித்து, சிறு தீயில், கடையில் போடுவது போல அரைவேக்காடாக விடாமல் முழுக்க வேகவைத்து, ஈரம் காய்வதற்குள் இறக்கிவிட வேண்டும். மேலே ஒரு ஸ்பூன் குழம்பு. எனக்கு முதல் நான்கு மாதம் ஓடியது இதில்தான். பொடிமாஸும் நல்லது, ஆனால் மொறுமொறுவென்று வறுத்துவிடக் கூடாது.

கோழியில் நெஞ்சுக்கறியைக் கேட்டு வாங்குவார்கள், கொழுப்பு இல்லை என்று. பத்து வாரத்து வயிற்றுக்கு அது நார்க்கயிறு. தொடைக்கறியைக் கொத்தி வாங்கி, குழம்பிலேயே வேகவைத்துச் சாப்பிடுங்கள். நேற்று வைத்ததை இன்று சூடு பண்ணும்போது கறி இன்னும் வறண்டு போகும். "நேத்து இறங்குச்சு, இன்னைக்கு இறங்கலையே" என்று வார்டில் கேட்டவர்கள் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். ஆட்டுக்கறியில் துண்டுக்கறியைத் தள்ளிவைத்துக் கொத்துக்கறிக்கு மாறுங்கள். ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டின் மண்ணீரல்) மெத்தென்று இருக்கும், இரும்புச்சத்தும் உண்டு. அளவாக, வாரம் ஒருமுறை போதும்.

மீன்தான் எல்லாவற்றிலும் சுலபம். விரால் மீன் குழம்பு வைத்து, முள் பார்த்து எடுத்து, சதையை விரலால் நசுக்கிச் சாப்பிடுங்கள். அயிரை மீன் குழம்பு விலைக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் அந்தக் குட்டி மீன் வாயிலேயே கரையும். பொரித்த மீனின் மேல்தோல் மட்டும் இப்போது வேண்டாம்.

சைவ நாட்களில் பனீரை உதிர்த்துப் போட்டுப் பொரியல், துணியில் கட்டி வடித்த தயிர், பச்சைப்பயறுக் கடையல், ஊறவைத்துப் பிழிந்து மிக்சியில் உதிர்த்த மீல்மேக்கர். பனீர் ஐம்பது கிராமில் ஒன்பது கிராம் புரோட்டீன் கிடைக்கும். முட்டை ஒன்றுக்கு ஆறு, வெந்த மீன் நூறு கிராமுக்கு இருபது. இந்த மூன்று எண்ணும் மனப்பாடமாகிவிட்டால் மிச்சக் கணக்கு தானே வரும். இப்போதைய உங்கள் கொள்ளளவுக்கு முழுக்கச் சாப்பாட்டிலேயே 60ஐத் தொடுவது கஷ்டம். அதனால் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த புரோட்டீன் பவுடரை நிறுத்திவிடாதீர்கள். கடையில் "சத்துபானம்" என்று விற்கும் மால்ட் வாசனைப் பவுடர்கள் வேறு ரகம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் மாவும் சர்க்கரையும்தான் முன்வரிசையில் இருக்கும்.

இங்கே அம்மாக்களிடம் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. பருப்புத் தண்ணீரில் "சத்தெல்லாம் இறங்கியிருக்கு" என்பது நம் வீடுகளின் பெரிய நம்பிக்கை. புரோட்டீன் பருப்பில்தான் கிடக்கும், மேலே தெளிந்த தண்ணீரில் அதிகம் வராது. பருப்பையே கடைந்து குடியுங்கள். ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதால் பெரிய சத்து போலத் தெரியும். அது கொலாஜன் என்ற ஒரு வகைப் புரோட்டீன். தசை கட்டத் தேவையான எல்லா அமினோ அமிலமும், அதாவது புரோட்டீனின் செங்கற்கள் எல்லாமும், அதில் இல்லை. தொண்டைக்கு இதமாகக் குடிக்கலாம், புரோட்டீன் கணக்கில் எழுதக் கூடாது. கஞ்சி முதல் வாரங்களுக்கு உரியது. பத்தாவது வாரத்தில் கஞ்சி என்பது உப்புப் போட்ட ரஸ்க்.

சாப்பிடும் விதத்துக்கு வருகிறேன். கடையில் நின்றுகொண்டு, ஒரு கையில் கஸ்டமர் போனும் மறு கையில் முட்டையுமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று என் ஊகம். அப்படி இருந்தால் கலக்கியும் அடைக்கும். சின்னத் தட்டு, டீஸ்பூன். ஒரு வாய் என்பது ஒரு கொண்டைக்கடலை அளவு. வாயிலேயே மாவாகும் வரை மெல்ல வேண்டும். விழுங்கிய பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மொத்தம் இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. அதற்கு மேல் இழுத்தால் அது சாப்பாடு இல்லை, கொறிப்பு. கொறிப்பு நாளைக்குப் பழக்கமாகும். நெஞ்சில் லேசாக அழுத்தம், விக்கல், தும்மல், திடீரென்று மூக்கு ஒழுகுவது, இவற்றில் எது வந்தாலும் அதுதான் கடைசி வாய். "இந்த ஒரு வாய் மட்டும்" என்று போட்டீர்களானால் அடுத்த அரை மணி நேரம் பாத்ரூமில் நுரையோடுதான். அடைத்துவிட்டால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். மேலே உள்ளதும் சேர்ந்து வரும். எழுந்து மெதுவாக நடங்கள், தானாக விடும். அன்று மிச்ச நாளுக்குக் குடிக்கும் சாப்பாடு மட்டும் போதும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். இலை போட்டதும் முதலில் தண்ணீர் வைப்பவர்கள் நாம். இனிமேல் சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். சேர்த்துக் குடித்தால் கெட்டிச் சாப்பாடும் கூழாகிக் கீழே ஓடும், சீக்கிரம் பசிக்கும். அல்லது இடமில்லாமல் வாந்தி வரும். அதே சமயம் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும். மடக் மடக்கென்று குடிக்க உங்களால் முடியாது. ஆகவே கடை மேஜையில் ஒரு பாட்டில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு. நீர்மோர் சேர்த்துக்கொள்ளலாம். சோடா, கலர், கோலி சோடா எதுவும் வேண்டாம், அந்தக் காற்றுக்குக் குழாயில் இடமில்லை.

தண்ணீரை அலட்சியம் செய்து நானே மாட்டியிருக்கிறேன். சர்ஜரி முடிந்த அடுத்த சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியுமுன்னே வைகைக் கரையில் போய் நின்றாயிற்று. கூட்டத்தில் பாட்டில் எங்கேயோ போயிற்று. காலையில் பிரஷர் மாத்திரையும் பழைய அளவிலேயே போட்டிருந்தேன். எட்டு மணி வெயிலில் கண் இருட்டியது. பக்கத்திலிருந்த ஒரு புண்ணியவதி பந்தலில் உட்கார வைத்துப் பெரிய டம்ளர் பானகம் கொடுத்தாள். வெறும் வயிற்றில் வெல்லத் தண்ணி. கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, வயிற்றைக் கலக்கி, அங்கேயே படுத்துவிட்டேன். டம்பிங் என்று நாங்கள் வார்டில் சொல்வது அது. சர்க்கரை குடலுக்குள் வேகமாகக் கொட்டினால் வரும். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு சர்ஜரி செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் வராமல் இல்லை. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை தாழ்ந்து நடுக்கம் எடுக்கும். நான் செய்தது இரண்டு தப்பு. தண்ணீரைக் கோட்டைவிட்டது ஒன்று, மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டது இன்னொன்று. எடை இறங்க இறங்க பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் குறைக்க வேண்டி வரும், டாக்டரிடம் போய்க் காட்டியிருக்க வேண்டும். அத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவள் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. உங்களுக்கு இந்த மாத்திரைகள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே அளவைப் பார்த்து எழுதி வாங்குங்கள்.

வாந்தி விஷயத்தில் விளையாட வேண்டாம். வேகமாகத் தின்று வருவது ஒன்று. தண்ணீர்கூட இறங்காமல் ஒரு நாள் முழுக்க வந்தால் குழாய் எங்காவது குறுகியிருக்கலாம், சர்ஜரி செய்த இடத்துக்கே போக வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் இன்னொரு ஆபத்து, பி1 வைட்டமின், அதாவது தயமின். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அது தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். நம் ஊரில் சோர்ந்து போனால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கம். உங்கள் நிலையில் தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். எங்கே போனாலும் முதல் வாக்கியமாக, "எனக்கு இரைப்பை சர்ஜரி ஆகியிருக்கு, வாந்தி இத்தனை நாளா இருக்கு, பி1 போட்டுட்டு அப்புறம் குளுக்கோஸ் போடுங்க" என்று சொல்லுங்கள். அம்மாவையும் இதை மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருக்கலாம். காய்ச்சல், ஓயாத வயிற்றுவலி, தோள்பட்டைக்கு ஏறும் வலி, காரணமில்லாத படபடப்பு என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. "நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்தியவர்கள் மூன்றாம் வருடத்தில் கால் மரத்துப்போய் வருவார்கள். இரைப்பையின் பெரும்பகுதி போனதால் பி12 உறிஞ்சுவது குறையும், அது நரம்பில் கை வைக்கும். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு என்று எழுதியிருப்பார்கள். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், பிறகு வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. சுவரொட்டி சாப்பிடுகிறேன் என்று இரும்பு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பித்தப்பையில் கல் சேராமல் இருக்க உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை ஆறு மாதத்துக்கு எழுதியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். வேகமாக இளைக்கும்போது கல் சேரும். மெடிக்கலில் போய் "மேல்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்த வலி மாத்திரைகளில் பல இரைப்பையைப் புண்ணாக்கும். பாரசிட்டமால் போதவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

முடி கொட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இன்னும் சில வாரத்தில் கேட்பீர்கள். மூன்றிலிருந்து ஆறாம் மாதம் வரை சீப்பு சீப்பாக வரும். வேர் சாகவில்லை, புரோட்டீனும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும். எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டாம்.

வீட்டு விஷயம் ஒன்று. உங்கள் அம்மா கஞ்சி வைப்பது அறியாமையால் என்று நான் நினைக்கவில்லை. முப்பத்துநாலு வருடமாக அவர் பிள்ளை நன்றாக இருக்கிறானா என்று தெரிந்துகொண்டது தட்டைப் பார்த்துத்தான். தட்டு காலியானால் நிம்மதி. இப்போது நாலு ஸ்பூனில் எழுந்துபோகும் பிள்ளையைப் பார்த்தால் அவருக்கு வேறு எதுவும் தோன்றாது. என் மாமியார் சர்ஜரிக்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. "இம்புட்டுத்தானா? காக்காய்க்கு வைக்கிறது இதைவிட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவார். விளக்கம் சொல்லி மாற்ற முடியவில்லை. கடைசியில் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்தேன். தினமும் எனக்கு எத்தனை கிராம் புரோட்டீன் போயிற்று என்று பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பது. இரண்டே வாரத்தில், "இன்னைக்கு நாப்பத்தெட்டுதான் ஆயிருக்கு, இந்தா இந்தத் தயிரைச் சாப்பிடு" என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார். அம்மாவிடம் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், கஞ்சி தானாக நின்றுவிடும்.

வெளியில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம். "என்னப்பா இப்பிடி எளச்சுட்ட, சுகரா?" என்று கடைக்கு வருகிற நாலு பேரில் ஒருவர் கேட்பார். நான் முதலில் வாக்கிங் என்று சொல்லி மழுப்பினேன். பிறகு, "ஆபரேஷன் பண்ணிருக்கேன், கொஞ்சம்தான் சாப்பிட முடியும்" என்று நேராகச் சொல்லப் பழகினேன். அதில் ஒரு லாபம், கல்யாண வீட்டில் இலையில் மிச்சம் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாக்கிங்கும் நிஜமாகவே வேண்டும். கூடவே, டாக்டர் எடை தூக்க அனுமதி தந்த பிறகு, வாரம் இரண்டு மூன்று நாள் டம்பிள்ஸோ தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ தூக்குங்கள். நடையால் மட்டும் தசை நிற்காது.

எத்தனை கிலோ இறங்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்லீவில் ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் ஆரம்ப எடையில் கால் பங்கை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இறங்குவது வழக்கம். உங்களுக்கு அது 35லிருந்து 40 கிலோ. இருபத்தொன்று ஏற்கெனவே போயிற்று. அதற்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும், குழாயும் கொஞ்சம் இடம் கொடுக்கும். அப்போது ரஸ்க் பழக்கம் இருந்தால் எடை ஏறும். இப்போது பசியில்லாத காலத்தில் வரிசையைப் பழகுவது அதனால்தான் முக்கியம்.

இனி கிடா வெட்டு. வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் பிரியாணியையே பிரசாதமாகக் கொடுக்கும் சீமையில் இருந்துகொண்டு "போகாதீர்கள்" என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. போங்கள். அதற்குள் பதினாலு பதினைந்து வாரம் ஆகியிருக்கும். கோயிலில் மணி மூன்றுக்கு முன் இலை போட மாட்டார்கள். ஆகவே வீட்டிலேயே காலையில் கலக்கி, பதினோரு மணிக்கு ஒரு டப்பாவில் எடுத்துப்போன தயிர் அல்லது புரோட்டீன் பவுடர். பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் கை வேகமாகப் போகும். தண்ணீர் பாட்டில் இரண்டு. பந்தியில் அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஓரத்து இலையில் உட்காருங்கள், பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிரியாணியில் சோற்றை இரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள். சீரகச் சம்பா மணக்கும், ஆனால் வெந்த சோறு இந்தக் குழாயில் களியாகத் திரண்டு அடைக்கும். அன்றைக்கு வெட்டிய கறி அவசரத்தில் அரைவேக்காடாகத்தான் இருக்கும், துண்டுக்கறியைத் தொடவே வேண்டாம்.

மரத்தடியில் பாட்டில் திறப்பார்கள். அதற்கு மட்டும் நான் இடம் கொடுக்க மாட்டேன். இந்த சர்ஜரிக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், முன்பைவிட அதிகமாகவும் ஏறும். பழைய கணக்கில் இரண்டு என்பது இப்போது இரண்டு இல்லை. சாப்பாட்டின் மேல் இருந்த பிடி போனபிறகு குடியைப் பிடித்துக்கொண்டவர்களை வார்டில் திரும்பவும் பார்த்திருக்கிறேன். பைக்கில் வேறு திரும்பி வருவீர்கள்.

உங்களுக்குச் சரியான பங்கு ஈரல். வறட்டு வறுவலாக இல்லாமல் மிளகுப் போட்டுக் குழம்பாக வைத்த ஈரல், மூன்று சின்னத் துண்டு. கிடாயை உரித்ததும் பங்காளிகள் முதலில் கேட்பதும் அதைத்தான். ஆகவே சமையல்காரரிடம் உங்கள் அம்மாவை முன்னாடியே அனுப்பி எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.